தொழுநோய் குணமான பிறகும் தப்பெண்ணம் ஏன் குணமாவதில்லை?

சமூகத்தில் ஒரு பிரிவினர்மீது தப்பெண்ணம் எதனால் உருவாகிறது, அதைக் குறைக்க உண்மையில் எது உதவும் என்பது கேள்வி. கேட்டவர் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்திருக்கிறார். தொழுநோய் மருந்தால் முழுமையாகக் குணமாகும் என்று பள்ளிப் பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவர்கள், குணமடைந்த ஒருவர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தால் எழுந்து போய் நின்றுகொள்கிறார்களே, படிப்பு ஏன் அங்கே உதவவில்லை என்பது அவருடைய ஐயம். சாதி, மதம், இனம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகப் பேசினால் எவரும் மறுக்க முடியாத, எவருக்கும் பயன்படாத வாக்கியங்கள்தாம் மிஞ்சும். ஆகவே அவர் தந்த எடுத்துக்காட்டையே பற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன். தொழுநோய்த் தடுப்புப் பணியில் நீண்ட காலம் களத்தில் இருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

முதலில் நோயைப் பற்றிய அடிப்படைச் செய்திகள். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அதை நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர் 1873இல் கண்டறிந்தார். மருந்து எடுத்துக்கொள்ளாத நோயாளியின் மூக்கு, வாய் வழியாக வெளிப்படும் கிருமி, அவரோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகுகிறவர்களுக்குப் பரவக்கூடும். ஆனால் மனிதர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே இருக்கிறது. கிருமி உள்ளே புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ அட்டையில் வரும் மாத்திரைகளை விழுங்கினால் நோய் தீர்ந்துவிடும். முதல் சில வேளை மருந்திலேயே பிறருக்குப் பரவும் வாய்ப்பு அநேகமாக இல்லாமல் போய்விடும். 1995 முதல் இந்த மருந்து உலகெங்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

இவ்வளவு எளிதில் தொற்றாத, இவ்வளவு எளிதில் தீரக்கூடிய ஒரு நோய், காசநோயை விடவும் அதிகமாக அஞ்சப்படுகிறது. காசநோய் இதைக்காட்டிலும் எளிதில் பரவுவது, ஆண்டுதோறும் பல லட்சம் உயிர்களைப் பறிப்பது. எனவே தொற்றின் அளவை எடைபோட்டு மக்கள் அஞ்சுவதாகச் சொல்வதற்கில்லை. அப்படியானால் அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள்? கண்ணில் பட்டதற்கு அஞ்சுகிறார்கள். கண்ணில் பட்டதோ நோயே அன்று, கவனிக்கப்படாமல் விடப்பட்ட நோய் விட்டுச்சென்ற ஊனம்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பெண்ணம் இயங்கும் விதம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் தாக்குகிறது. தொடக்கத்தில் தெரிவது வெளிறிய அல்லது சற்றே சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் மட்டும்தான், வலிக்காது, அரிக்காது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னால், தேமல் உள்ள இடத்தில் தொடும்போது மட்டும் அவர் கை அசையாமல் இருக்கும். அந்தக் கட்டத்தில் மருந்து தொடங்கியவருக்கு வாழ்நாள் முழுவதும் எந்த அடையாளமும் மிஞ்சாமல் போகக்கூடும். மருந்து தொடங்காதவருக்குத்தான் முழங்கை நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப் போகின்றன, முழங்கால் அருகே செல்லும் நரம்பு செயலிழந்து பாதம் தொங்கிவிடுகிறது, இமை மூடாமல் கண் உலர்கிறது. உணர்ச்சி போன கை சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியவருகிறது. காலில் முள் ஏறினால் அது உள்ளே இருந்தபடியே பல மைல் நடந்துவிடுகிறார்கள். நோய் வந்தால் சதை அழுகி விரல் தானே உதிர்ந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூடவே இருந்து கவனித்து, விரல்கள் உதிர்வதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் சூடு, வெட்டு, புண் ஆகியவற்றாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோகின்றன என்பதை நிறுவினார். இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிப்பதுகூடத் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. மடங்கிய விரலை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தலாம் என்பதையும் அவரும் அவருடைய குழுவினரும் வேலூரிலும் கரிகிரியிலும் செய்து காட்டினார்கள்.

அப்படியானால் ஊனம் வருவதற்குக் காரணம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் மறைத்தல். மறைப்பதற்குக் காரணம், தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்ற அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணமோ ஊனமுற்றவர்களை ஊர் நடத்திய விதம். மகளின் திருமணம் முடியட்டும், பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்று முழுக்கைச் சட்டைக்குள் தேமலை மறைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டு, விரல் மடங்கிய பிறகு வந்தவர்களைத் தொழுநோய்ப் பணியாளர் எவரும் பார்த்திருப்பார். அப்படி மடங்கிய விரலைப் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரர், பார்த்தாயா, எவ்வளவு கொடிய நோய் என்கிறார். அவருடைய வெறுப்புக்குச் சாட்சியாக நிற்கும் அந்தக் கை, அதே வெறுப்பு உண்டாக்கிய கை. சரியான காலத்தில் மருந்து எடுத்து முழுதாக நலமடைந்தவர்களோ ஒருவரிடமும் சொல்வதில்லை. பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறவர், பிள்ளையின் ஆசிரியர், நாம் தினமும் காய்கறி வாங்குகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம், நமக்குத் தெரியாது. ஆகவே தொழுநோய் என்றவுடன் ஊரார் மனத்தில் எழும் உருவம் எப்போதும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட, மிக ஏழையான, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருடையதாகவே இருக்கிறது.

தப்பெண்ணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான்: அது தனக்கான சாட்சியத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. பார்ப்பவருக்கு அது கற்பனையாகத் தோன்றுவதே இல்லை, கண்ணெதிரே ஆதாரம் இருக்கிறது. வேறு இடங்களிலும் இதே சுழற்சியைக் காணலாம். 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, சில சமூகங்களில் பிறந்தவர்கள் எல்லாரையும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. கைரேகை வைத்துவிட்டு ஊருக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களால் வழக்கமான பிழைப்பைத் தேட முடியவில்லை. பிழைப்பு இல்லாதவர்களில் சிலர் திருடினால், சட்டம் போட்டவர்கள் சொன்னது மெய்யாகிவிட்டது. ஆகையால், இவர்கள் அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் பலன் தராது. சாட்சியம் உற்பத்தியாகும் இடத்தைத் தேடிப் போய்த் தடுக்க வேண்டும்.

இனி, சுழற்சி எங்கிருந்து தொடங்கியது என்று பார்க்கலாம். ஒரு வேர் வினைப்பயன் என்ற நம்பிக்கை. நோயை முற்பிறவியின் பாவத்துக்கோ சாபத்துக்கோ கிடைத்த தண்டனையாகக் காணும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள சூரியனார் கோயிலின் தலபுராணம் காலவ முனிவரின் தொழுநோயைப் பற்றியது. அவருக்கு வரம் தந்த குற்றத்துக்காக நவக்கிரகங்களே பிரமனின் சாபத்தால் அந்நோயை அடைந்து, திருமங்கலக்குடியில் இறைவனை வழிபட்டு நீங்கப்பெற்றதாக அது சொல்லும். அந்தக் கதையில் ஆறுதலும் இருக்கிறது, நோய் நீங்குகிறது. ஆனால் நோய் தவற்றுக்குக் கிடைக்கும் தண்டனை என்ற கருத்தும் கூடவே வந்து மனத்தில் தங்கிவிடுகிறது. அதற்கு மிக வலுவான நவீன வடிவத்தைக் கொடுத்தது 1954இல் வெளிவந்த ரத்தக்கண்ணீர் திரைப்படம். ஒழுக்கம் தவறிய பணக்காரன் தொழுநோயால் உருக்குலைவதை எம்.ஆர்.ராதா அவ்வளவு உயிரோட்டமாக நடித்தார். மூடநம்பிக்கைகளை மேடைதோறும் சாடிய பகுத்தறிவாளர் நடித்த படம் அது என்பதை நினைக்கையில் எனக்கு வருத்தம் மிகுதியாகவே இருக்கிறது. ஏனெனில் கெட்ட வழியில் போனவனுக்கு இந்த நோய் வரும் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டில் பல தலைமுறைகளின் மனத்தில் அதைப் போல அழுத்தமாகப் பதித்த வேறொன்றைச் சொல்வது கடினம்.

பாதிக்கப்பட்டவர்மீதே குற்றத்தைச் சுமத்தும் இந்தப் பழக்கம், வெறும் அச்சத்தைவிடத் தீங்கானது. அஞ்சுகிறவன் விலகிப் போவான். இவனுக்கு இது வேண்டியதுதான் என்று நம்புகிறவனோ விலக்கி வைப்பதை நியாயம் என்றே கருதுவான். அவனுக்கு மனச்சான்று உறுத்தாது.

இரண்டாவது வேர் அரசு. நம்மில் பலர் தப்பெண்ணத்தை மக்களின் அறியாமை என்றும், சட்டத்தை அதைத் திருத்த வரும் கருவி என்றும் எண்ணுகிறோம். தொழுநோயில் நெடுங்காலம் நிலைமை தலைகீழாக இருந்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த டேமியன் பாதிரியார் அதே நோயால் 1889இல் இறந்த செய்தி, பேரரசின் மக்களுக்கும் இது பரவிவிடும் என்ற பீதியை இங்கிலாந்தில் கிளப்பியது. 1890, 1891 ஆண்டுகளில் இந்தியாவில் ஆராய்ந்த தொழுநோய் ஆணையம், தொற்றும் அபாயம் மிகச் சிறியது என்றே அறிக்கை தந்தது, கட்டாயத் தனிமையை வலியுறுத்தவில்லை. இருந்தும், 1897இல் பெர்லினில் கூடிய மாநாடு தனிமைப்படுத்தலையே பரிந்துரைக்க, 1898இல் இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் வந்துவிட்டது. அச்சட்டம் யாரைப் பிடித்து அடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: பொது இடத்தில் பிச்சை எடுக்கிற, பிழைப்புக்கு வழியில்லாத நோயாளியை. அதே நோயோடு சொந்த வீட்டில் இருந்த வசதி படைத்தவரை அது தேடிப் போகவில்லை. பொதுக் கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது, விற்பனைக்கு உணவு தயாரிக்கக் கூடாது, வாடகை வண்டி ஓட்டக் கூடாது என்று தடைகளும் அதில் இருந்தன. தொற்றுதான் கவலை என்றால் ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு எதற்கு? தண்ணீரும் தொழிலும் மறுக்கப்படுவது சாதியின் பெயரால் ஏற்கெனவே பழகிப்போன நாட்டில், அதே முறையில் இன்னொரு விலக்கப்பட்ட கூட்டத்தை உண்டாக்க இந்தச் சட்டத்துக்குச் சிரமமே இருக்கவில்லை.

அந்தச் சட்டம் 2016இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. இந்து திருமணச் சட்டம் முதலான 5 சட்டங்களில் மணவிலக்குக்கோ, மனைவி பிரிந்து வாழ்ந்து ஜீவனாம்சம் கோருவதற்கோ தொழுநோயைக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள், தனிநபர் சட்டத் திருத்தத்தின் மூலம் 2019இல் நீங்கின. ஒடிசாவில் தொழுநோய் பாதித்தவர் நகராட்சி உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்ற சட்டப் பிரிவு செல்லும் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவுக்கு நோய் இறங்கிவிட்டதாக 2005 டிசம்பரில் அரசு அறிவித்து 2 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு வந்த தீர்ப்பு அது. சுவரில் குணமாகும் என்று எழுதிவிட்டு, சட்டப் புத்தகத்தில் குணமாகாதது என்று அச்சடித்து வைத்திருந்தால், மக்கள் எதை நம்புவார்கள்? சுவர் எழுத்தை எவரும் கூர்ந்து படிப்பதில்லை. ஆனால் நோயைக் காரணம் காட்டி மருமகளை வீட்டை விட்டு அனுப்ப முடிகிறது என்பதை ஊரே பார்க்கிறது.

மனித மனத்தின் பொதுவான சாய்வு ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவர்களை அற்பமான காரணங்களைச் சொல்லி இரண்டு குழுக்களாகப் பிரித்து, முகம் தெரியாத பிறருக்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னார். தன் குழுவினருக்கு அதிகம் கொடுத்தார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. தங்கள் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பலர் தேர்ந்தெடுத்தது கவனத்துக்குரியது. நாம், அவர்கள் என்று பிரித்துப் பார்க்கும் போக்கை மனிதரிடமிருந்து முற்றிலும் அகற்ற முடியாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கோடு எங்கே விழுகிறது, அதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை நிர்ணயிப்பவை சட்டமும் வழக்கமும் பொருளாதாரமும். மாற்றக்கூடியவை அவைதாம்.

அனுதாபத்தையும் சமத்துவத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதை ஜப்பானில் நடந்த ஒன்று எனக்கு உறைக்கச் செய்தது. 1907 முதல் தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்திய ஜப்பான், அச்சட்டங்களின் தொடர்ச்சியை 1996 வரை நீக்கவில்லை. 2001இல் குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது, அரசும் மேல்முறையீடு செய்யாமல் மன்னிப்புக் கேட்டது. நாடே கண்ணீர் சிந்தியது. 2 ஆண்டுகள் கழித்து, அதே பகுதியில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதி, என்றோ குணமாகிவிட்ட முதியவர்கள் தங்குவதற்குச் செய்திருந்த முன்பதிவை ஏற்க மறுத்தது. விவகாரம் வெளியே வந்ததும் விடுதித் தரப்பினர் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அது மேலோட்டமாக இருக்கிறது என்று முதியவர்கள் அதை ஏற்கவில்லை. அவ்வளவுதான், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அவர்களுக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. உங்களைப் பரிவோடு பார்த்தோம், இப்போது உரிமை கேட்கும் அளவுக்கு வந்துவிட்டீர்களா என்ற தொனி அவற்றில் இருந்தது. தலைகுனிந்து நிற்கும்வரை இரக்கமும், நிமிர்ந்தால் வெறுப்பும் கிடைக்கிறது என்றால், அந்த இரக்கம் தப்பெண்ணத்தின் இன்னொரு முகம்தான்.

இதனால்தான் ஜனவரி 30 அன்று நம் ஊர்களில் நடக்கும் நிகழ்ச்சிகள்மீது எனக்குக் குறை உண்டு. சேவாகிராமத்தில் பர்சுரே சாஸ்திரி என்ற நோயாளியின் புண்ணைக் கழுவித் தம் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்ட காந்தியின் நினைவு நாளைத் தொழுநோய் எதிர்ப்பு நாளாக வைத்தது பொருத்தமான செயல். ஆனால் அன்று பெரும்பாலும் நடப்பது போர்வையும் ரொட்டியும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது. கொடுப்பவர் நிற்க, வாங்குபவர் அமர்ந்திருக்க நிகழும் அந்தச் சந்திப்பு, இவர்கள் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்கள் என்ற படிமத்தையே மேலும் உறுதிப்படுத்துகிறது. பழகினால் வெறுப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பழக்கமும் அப்படிச் செய்துவிடாது. 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் இதற்கு நிபந்தனைகளை வகுத்தார்: இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், சட்டமோ நிர்வாகமோ பெரியவர்களோ அதை ஆதரிக்க வேண்டும். பிறகு பெட்டிக்ரூ, ட்ராப் ஆகிய இருவரும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட முடிவு, பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்பதாகும்.

மகாராஷ்டிரத்தில் பாபா ஆம்தே 1949இல் தொடங்கிய ஆனந்தவனம் என்ற தொழுநோயாளர் மறுவாழ்வுக் குடியிருப்பு இதற்கு நம் நாட்டுச் சான்று. வரோரா என்ற சிற்றூருக்கு அருகே கற்பாங்கான தரிசு நிலத்தை நோயாளிகளே திருத்திப் பயிர் செய்தார்கள். 1960களில் அங்கேயே கல்லூரி எழுந்தபோது, அதில் படிக்கச் சுற்று வட்டாரத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். தொழுநோயாளிகள் ஊரைத் தேடிப் போய்க் கையேந்தியது மாறி, ஊர் தன் பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களிடம் வந்தது. ஒரு விழிப்புணர்வுச் சொற்பொழிவும் சாதிக்காததைத் தேவை சாதித்தது. 2010களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் சிரெபோன் மாவட்டத்தில் நடந்த ஆய்வுத் திட்டமும் இதே திசையைக் காட்டியது. அங்கே பாதிக்கப்பட்டவர்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார்கள், சிறுதொழிலுக்குக் கடன் கொடுத்தார்கள், அவர்களைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் காணொளிகளோடு கிராமக் கூட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஊராரின் ஒதுக்கும் மனப்பான்மையும், பாதிக்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கொண்டிருந்த தாழ்ந்த எண்ணமும் குறைந்தன. இந்த இரண்டாவது மிக முக்கியம். நெடுநாள் விலக்கப்பட்டவர் விலக்கியவரின் கண்ணாலேயே தம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார், திருமண வீட்டுப் பந்தியில் தாமாகவே கடைசிக்குப் போய் அமர்கிறார்.

பேருந்தில் எழுந்து நின்றவரைப் பற்றிய ஐயத்துக்கும் இங்கே விடை இருக்கிறது. அவருக்கு நோயைப் பற்றித் தெரியும். ஆனால் அருவருப்பு, யோசிப்பதற்கு முன்பே உடலில் எழுந்துவிடும் உணர்ச்சி, அதைப் பாடநூல் சென்று தொடுவதில்லை. அதோடு, தாம் எழாவிட்டால் சுற்றி இருப்பவர்கள் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. ருவாண்டாவில் இனப்படுகொலைக்குப் பிறகு ஒலிபரப்பான ஒரு வானொலி நாடகத்தை எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 2009இல் எழுதியதில் எனக்குப் பிடித்த உண்மை ஒன்று உண்டு: நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அவ்வளவாக மாறவில்லை, ஆனால் தங்கள் சமூகத்தில் எது ஏற்கத்தக்க நடத்தை என்பது பற்றிய அவர்களின் எண்ணம் மாறியது, நடத்தையும் மாறியது. எல்லாருடைய உள்ளமும் தூய்மையாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடைக்காரர் எல்லாருக்கும் கொடுக்கும் அதே டம்ளரில் அவருக்கும் கொடுத்தால், பத்து நாளில் கடைக்கு வருகிறவர்களுக்கு அது பழகிவிடும். பழகிய பின் உள்ளம் மெல்லப் பின்தொடரும்.

சிகிச்சை தரும் முறையிலேயே மாற்ற வேண்டியவை பல இருந்தன, சில மாறியும் இருக்கின்றன. தனித் தொழுநோய் மருத்துவமனைக்குள் ஒருவர் நுழைவதைத் தெருவில் போகிறவர் பார்த்தாலே போதும். 2000களின் தொடக்கத்தில் இந்தச் சிகிச்சையைப் பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைத்த பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களோடு வரிசையில் நின்று மருந்து வாங்க முடிகிறது. இது மருத்துவ ஏற்பாடு மட்டுமன்று, அடையாளத்தை நீக்கும் ஏற்பாடும்கூட. கால் புண்ணைத் தடுக்கத் தரப்படும் எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பும் இப்படித்தான், பழைய வடிவத்தைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து புண்ணை வரவழைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கடையில் விற்கும் செருப்பைப் போல அதைச் செய்யத் தொடங்கியபின் போட்டுக்கொண்டார்கள். குளோஃபசிமின் தோலைக் கருமையாக்கும். மருந்து நின்ற சில மாதங்களில் பழைய நிறம் திரும்பிவிடும். அதை முதல் நாளே சொல்லி, யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் கூடவே பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்துவதில்லை. சொல்லாமல் விட்டால், ஏன் இப்படிக் கறுத்துப்போனாய் என்று நாலு பேர் கேட்டதும் அட்டை பரணுக்குப் போய்விடும்.

இன்னும் தீராத சங்கடம் ஒன்று இருக்கிறது. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறைகிறது என்பதால், அதுவும் இப்போது தேசியத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி மாத்திரை கொடுத்தால், எந்த வீட்டில் நோய் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான நிலை. தெரு முழுவதும் எல்லா வகைத் தோல் நோய்க்கும் சேர்த்து முகாம் நடத்தி, அதற்குள் இதை அடக்கிவிடுவது ஓரளவு வழி.

இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள், உலக எண்ணிக்கையில் இது பாதிக்கும் மேல். அவர்களில் கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு வருகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அந்த ஐந்தைப் பூச்சியம் ஆக்க முடிந்தால், வெறுப்புக்குச் சாட்சி கிடைப்பது ஒரு தலைமுறையில் நின்றுவிடும். சுகாதாரத் துறை செய்ய வேண்டியது இதுதான். ஒதுக்கப்படாமல் சிகிச்சை பெற முடியும் என்ற நம்பிக்கையைத் தருவது மற்ற எல்லாருடைய கடமை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண் பார்க்கும் இடத்தில், அந்த வீட்டில் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்ததாமே என்று எவராவது இழுத்தால், இது பரம்பரையாக வரும் நோய் அன்று என்பதை அந்த இடத்திலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

அரசு செய்ய வேண்டியதில் மிச்சம் இருப்பது நிலமும் முகவரியும். இந்தியாவில் தொழுநோய் பாதித்தவர்களின் குடியிருப்புகள் எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் 1971இல் தொழுநோய் பாதித்த இரவலர்களுக்காக அரசு தொடங்கிய மறுவாழ்வு இல்லங்கள் உண்டு, அவற்றுக்கு வெளியே தாங்களாகவே கூடி அமைத்துக்கொண்ட குடியிருப்புகளும் உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் நோய் வந்ததே இல்லை. ஆனாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரிக் கட்டத்தில் காலனியின் பெயரை எழுத அவர்கள் தயங்குகிறார்கள்; சென்னைக்கோ திருப்பூருக்கோ போய் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கிறார்கள். குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுத்து, அந்தத் தெருக்களை ஊராட்சி வார்டுக்குள் சேர்த்து, நோயின் பெயர் இல்லாத தெருப் பெயரும் கதவு எண்ணும் தருவதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் ஆணை ஒன்று போதும். அதற்கான மனுவில் அந்தக் குடியிருப்பினரோடு பக்கத்து ஊர்க்காரர்களும் கையெழுத்திட்டால் வேலை விரைவாகவே நடக்கும்.